கொட்டிலும் ஆய்வுக்கூடமும்: வாசகர் கேள்விகள்

கிராமப்புற வளாகங்களில் கால்நடை அறிவியல் படிப்பது, அங்கிருந்து ஆய்வு செய்வது ஆகியவை குறித்துக் கேள்விகள் அனுப்பும்படி சென்ற இதழில் கேட்டிருந்தோம். வந்தவற்றிலிருந்து ஏழு கடிதங்களைத் தேர்ந்தெடுத்திருக்கிறேன். கிராமப்புறக் கால்நடை மருத்துவக் கல்லூரி ஒன்றில் நெடுங்காலம் கற்பித்து ஓய்வுபெற்ற ஆசிரியன் என்ற முறையில், நான் கண்டறிந்ததை வைத்து இவற்றுக்குப் பதில் எழுதுகிறேன்.

கேள்வி: நான் பன்னிரண்டாம் வகுப்பில் உயிரியல் பிரிவில் படிக்கிறேன். வீட்டில் காங்கேயம் மாடு இரண்டும் செம்மறி ஆடுகள் முப்பதும் இருக்கின்றன. கால்நடை மருத்துவம் படிக்க விரும்புகிறேன். சென்னையில் இடம் கிடைத்தால்தான் மதிப்பு, நாமக்கல், ஒரத்தநாடு என்று போனால் இரண்டாம் தரம்தான் என்று உறவினர்கள் சொல்கிறார்கள். கால்நடை மருத்துவமும் கால்நடை அறிவியலும் ஒன்றுதானா என்பதையும் விளக்க வேண்டுகிறேன். (மாணவி, வெள்ளகோவில்)

பதில்: இரண்டாவது கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன். நம் நாட்டில் இளநிலைப் பட்டத்தின் பெயரிலேயே கால்நடை மருத்துவ அறிவியல், கால்நடைப் பராமரிப்பு என்ற இரண்டும் சேர்ந்து நிற்கின்றன. நோயுற்ற விலங்குக்கு என்ன நேர்ந்தது, அதை எப்படிக் குணப்படுத்துவது என்று மருத்துவம் கேட்கிறது. நலமாக இருக்கும் விலங்கு எதைத் தின்கிறது, தின்றதில் எவ்வளவு பாலாகவும் இறைச்சியாகவும் மாறுகிறது, எந்தக் காளைக்குப் பிறந்த கிடேரி எப்படிக் கறக்கும், எந்தக் கொட்டகையில் வெயில் தாங்கும் என்று கால்நடை அறிவியல் கேட்கிறது. ஓராண்டு உள்ளிருப்புப் பயிற்சியையும் சேர்த்து ஐந்தரை ஆண்டுகள் நீளும் படிப்பில் இந்த இரண்டையும் கற்பீர்கள். அதன்பின் முதுநிலையில் கால்நடை உணவியல், மரபியல் மற்றும் இனவிருத்தி, உற்பத்தி மேலாண்மை என்று அறிவியல் பக்கமாகவோ, அறுவை, ஈனியல் (சினை, ஈற்று மருத்துவம்), நோய்க்குறியியல் என்று மருத்துவப் பக்கமாகவோ பிரிந்து செல்லலாம்.

இப்போது தரம் பற்றிய கேள்விக்கு வருகிறேன். 1903-இல் சைதாப்பேட்டையில் தொடங்கி, இரண்டே ஆண்டுகளில் வேப்பேரிக்கு இடம்பெயர்ந்த சென்னைக் கல்லூரியின் பழம்பெருமையை யாரும் மறுக்க முடியாது. நாமக்கல் கல்லூரி 1985-இல் தொடங்கப்பட்டது. 1989-இல் நாட்டின் முதல் கால்நடை மருத்துவப் பல்கலைக்கழகம் தமிழ்நாட்டில் உருவானபோது இவ்விரு கல்லூரிகளும் அதன்கீழ் வந்தன. பின்னர் 2012-இல் ஒரத்தநாட்டிலும் திருநெல்வேலியிலும், 2020-இல் தலைவாசல், தேனி, உடுமலைப்பேட்டை ஆகிய இடங்களிலும் கல்லூரிகள் எழுந்தன. ஏழு கல்லூரிகளுக்கும் பல்கலைக்கழகம் ஒன்றே. பாடத்திட்டத்தை வகுப்பது 1984-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி இயங்கும் இந்தியக் கால்நடை மருத்துவக் கவுன்சில். எந்த வளாகத்தில் படித்தாலும் கையில் கிடைப்பது ஒரே பட்டம்தான்.

ஆனால் கற்கும் அனுபவம் ஒன்றல்ல. அதை மறைப்பது உங்களுக்கு நல்லதல்ல. நாய், பூனை, குதிரை ஆகியவற்றின் மருத்துவத்தையும் நுட்பமான கருவிகளைக் கொண்டு செய்யும் சிகிச்சைகளையும் நாள்தோறும் காண விரும்பினால் சென்னையே உகந்த இடம். மாடு, ஆடு, கோழி ஆகியவற்றின் அறிவியலே உங்கள் நாட்டம் என்றால், கிராமப்புற வளாகங்கள் தரும் வாய்ப்பைச் சென்னையில் பெற இயலாது. நாமக்கல்லில் வகுப்பறையை விட்டு வெளியே வந்தால் முட்டைக்கோழித் தொழில் முழுவதும் கண்முன் இருக்கிறது. தீவன ஆலைக்கு வரும் மக்காச்சோளத்தில் பூஞ்சை நச்சு இருக்கிறதா என்ற கேள்வி அங்கே பாடநூல் கேள்வி அன்று. பண்ணையாளர் மாதிரியைப் பையில் எடுத்துக்கொண்டு வந்து கேட்கும் கேள்வி. ஒரத்தநாட்டில் இருப்பவர்களுக்கு உம்பளாச்சேரி மாடு அருகிலேயே கிடைக்கிறது. பிறக்கும்போது செம்பழுப்பாக இருந்து சில மாதங்களில் சாம்பல் நிறமாக மாறும் அந்தக் கன்றையும், டெல்டாவின் ஆழச் சேற்றில் உழுது பழகிய அந்த இனத்தின் கால்களையும் நேரில் பார்த்த மாணவர், இனப்பண்பு என்ற சொல்லின் பொருளை மறக்கமாட்டார்.

உங்கள் வீட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். வெள்ளகோவில், காங்கேயம், தாராபுரம் பகுதிகளின் கொரங்காடு இருக்கிறதே, அதுவே ஓர் ஆய்வுக்களம். கிளுவை முள்வேலியால் சூழப்பட்டு, தரையில் கொழுக்கட்டைப் புல்லும் மேலே வெள்வேல மரமுமாக, மழை குறைந்த நிலத்தில் மாட்டையும் ஆட்டையும் சுற்றுமுறையில் மேய்க்க உங்கள் முன்னோர் கண்ட ஏற்பாடு அது. கோடையில் புல் காய்ந்த பிறகு உதிரும் வெள்வேலங்காய் ஆட்டுக்கு எவ்வளவு புரதம் தருகிறது, அதிலுள்ள துவர்ப்புப் பொருளான டானின் அந்தப் புரதத்தில் எவ்வளவைக் கட்டிப்போடுகிறது, ஒரு ஏக்கர் கொரங்காடு எத்தனை ஆடுகளைத் தாங்கும் என்பவை முதுநிலை ஆய்வுக்கே தகுதியான வினாக்கள். இவற்றைக் கேட்கும் தகுதியோடுதான் நீங்கள் கல்லூரிக்குள் நுழைகிறீர்கள்.

சேர்க்கையைப் பொறுத்தவரை, இதுவரை உள்ள முறைப்படி மாநில ஒதுக்கீட்டு இடங்கள் பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண் அடிப்படையிலும், அகில இந்திய ஒதுக்கீட்டுக்குரிய 15 விழுக்காட்டு இடங்கள் நீட் மதிப்பெண் அடிப்படையிலும் நிரப்பப்படுகின்றன. அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 7.5 விழுக்காட்டுத் தனி ஒதுக்கீடும் உண்டு. விண்ணப்பிக்கும் ஆண்டின் விளக்கக் குறிப்பேட்டைத் தவறாமல் படித்துவிடுங்கள்.

கேள்வி: என் மகளுக்குக் கிராமப்புறக் கால்நடைக் கல்லூரியில் இடம் கிடைத்திருக்கிறது. மாட்டை அடக்கி வைத்தியம் பார்ப்பதற்குப் பெண்ணின் உடல்வலு போதுமா என்று தயங்குகிறோம். நோய் தொற்றும் அபாயம் உண்டா? (ஒரு தாய், கடலூர்)

பதில்: அம்மா, 400 கிலோ எடையுள்ள மாட்டை உடல்வலுவால் அடக்கக்கூடிய ஆண்மகனும் இல்லை. மாட்டைக் கட்டுப்படுத்துவது கயிறு, முடிச்சு, இரும்புச் சட்டகம், மயக்க மருந்து ஆகியவற்றோடு, அது எந்தப் பக்கம் உதைக்கும் என்ற அறிவும்தான். கன்று வயிற்றில் திரும்பிக் கிடக்கும்போது பலங்கொண்டு இழுப்பவர் தாயையும் கன்றையும் சேர்த்துக் கொல்கிறார். உள்ளே தள்ளி, தலையையும் கால்களையும் நேராக்கி, தாய் முக்கும் நேரம் பார்த்து இழுப்பவரே இரண்டையும் காப்பாற்றுகிறார். சிறிய பசுவிலும் வெள்ளாட்டிலும் மெல்லிய கை உள்ளவர்களுக்கு இந்த வேலை எளிதாக வருவதை என் மாணவிகளிடம் பலமுறை கண்டிருக்கிறேன்.

தொற்று அபாயம் உண்மையானது. அதைப் பற்றி நீங்கள் கேட்டது மிகச் சரி. வெறிநோய்க்கான முன்தடுப்பூசியை மருத்துவமனைப் பணி தொடங்கும் முன்பே போட்டுக்கொள்ள வேண்டும். சினை மாடு நாள் நிரம்பும் முன்பே கருவைத் தள்ளிவிடும் கன்று வீச்சு நோய், அதாவது புருசெல்லோசிஸ், வீசிய கரு, நஞ்சுக்கொடி, காய்ச்சாத பால் ஆகியவற்றின் வழியாக மனிதருக்குத் தொற்றும். கிடேரிக் கன்றுகளுக்கு நான்கு முதல் எட்டு மாத வயதுக்குள் போடப்படும் புருசெல்லா தடுப்பூசியில் இருப்பதும் உயிருள்ள கிருமியே என்பதால், ஊசி தவறிக் கையில் குத்தினாலும் ஆபத்துதான். தோள்வரை நீளும் கையுறை இல்லாமல் ஈற்று பார்ப்பதில்லை என்ற ஒரு பழக்கத்தை முதல் நாளிலிருந்தே கைக்கொள்ளச் சொல்லுங்கள். அவசரத்தில் கையுறையைத் தேடாமல் இறங்கும் மூத்தவர்களைப் பார்த்து அவள் கற்றுக்கொள்ள வேண்டாம்.

கேள்வி: அரசுப் பள்ளியில் தமிழ்வழியில் படித்து, கால்நடை மருத்துவம் முதலாண்டில் சேர்ந்திருக்கிறேன். உடற்கூறியல் வகுப்பில் ஆங்கிலச் சொற்கள் ஒன்றும் மனத்தில் நிற்கவில்லை. விட்டுவிடலாமா என்றுகூட நினைக்கிறேன். (முதலாண்டு மாணவர்)

பதில்: விட்டுவிடாதீர்கள். முதலாண்டு உடற்கூறியலின் சொற்களில் பெரும்பாலானவை ஆங்கிலமே அல்ல, இலத்தீனும் கிரேக்கமும். ஆங்கிலவழியில் படித்து வந்த உங்கள் வகுப்புத் தோழருக்கும் அவை புதியவைதான், அதை அவர் வெளியே சொல்வதில்லை, அவ்வளவே. எனவே நீங்கள் அவரைவிடப் பின்தங்கி இருப்பது வாக்கிய ஆங்கிலத்தில் மட்டுமே. நாள்தோறும் ஒரு பக்கம் எழுதி ஓர் ஆசிரியரிடம் திருத்தி வாங்கினால் ஓராண்டில் அந்த இடைவெளி மறைந்துவிடும்.

மாட்டின் நான்கு அறை வயிற்றை ஆங்கிலப் பெயர்களாக மனனம் செய்யாமல், பிண அறுவைக் கூடத்தில் கையால் தொட்டுக் கற்றுக்கொள்ளுங்கள். முதல் அறையின் உட்புறம் கம்பளத் துண்டுபோல் சொரசொரவென்று இருக்கும். இரண்டாவது அறையில் தேன்கூடு தெரியும். கம்பியும் ஆணியும் விழுங்கிய மாட்டில் அவை தங்கி நின்று இதயத்தைக் குத்துவது அங்கிருந்துதான். மூன்றாவது அறை புத்தக ஏடுகளாக விரியும். நான்காவதுதான் நம் வயிற்றைப் போல அமிலம் சுரக்கும் அறை. கை அறிந்த பிறகு பெயர் தானாக ஒட்டிக்கொள்ளும்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். உங்களிடம் இருக்கும் தமிழ், மூன்றாம் ஆண்டுக்குப் பிறகு வகுப்பிலேயே விலைமதிப்பற்ற செல்வமாக ஆகும். ஆடு "ரெண்டு பல்லு" என்று ஒருவர் சொன்னால் அதற்கு ஏறத்தாழ ஒன்று முதல் ஒன்றரை வயது என்பதும், பசு கத்துகிறது, கண்ணாடி மாதிரிக் கோழை விடுகிறது என்றால் அது பருவத்தில் இருக்கிறது, சினை ஊசி போடும் நேரத்தைக் கணக்கிட வேண்டும் என்பதும், "வாய் வைக்கவில்லை, அசை போடவில்லை" என்பதே நோய் வரலாற்றின் முதல் வரி என்பதும் உங்களுக்குச் சொல்லிக்கொடுக்காமலே தெரியும். மாட்டுக்காரர் சொல்வதைத் தவறாகப் புரிந்துகொண்ட மருத்துவர் எத்தனை நூல் படித்திருந்தாலும் தவறான நோய்க்கே மருந்து கொடுப்பார். இரண்டு பக்கமும் திறக்கும் ஒரு குறிப்பேடு வைத்துக்கொண்டு, ஒரு பக்கத்தில் நூலின் சொல்லையும் மறுபக்கத்தில் உங்கள் ஊர்ச் சொல்லையும் எழுதி வாருங்கள். வட்டாரத்துக்கு வட்டாரம் சொல் மாறும் என்பதால், விடுதியில் வேறு மாவட்டத்துத் தோழர்களிடமும் கேட்டு எழுதுங்கள்.

கேள்வி: இளநிலை விலங்கியல் முடித்திருக்கிறேன். கால்நடை அறிவியலில் ஆய்வு செய்ய எனக்கு வழி உண்டா? (பட்டதாரி, அருப்புக்கோட்டை)

பதில்: கால்நடை மருத்துவ முதுநிலைப் பட்டத்துக்குக் கால்நடை மருத்துவ இளநிலை கட்டாயம் என்பதால் அந்தக் கதவு திறக்காது. கவுன்சிலில் பதிவு பெறாமல் நீங்கள் விலங்குகளுக்குச் சிகிச்சை செய்யவும் கூடாது. ஆனால் உயிர்வேதியியல், உயிர்த்தொழில்நுட்பம் போன்ற துறைகளில் பிற அறிவியல் பட்டதாரிகளை ஏற்கும் முதுநிலைப் படிப்புகள் உண்டு. 1923-இல் பெங்களூரில் தொடங்கி 1955 முதல் கர்னாலில் இயங்கிவரும் தேசியப் பால்வள ஆராய்ச்சி நிறுவனத்தின் விளக்கக் குறிப்பேட்டை அதற்காகப் பாருங்கள். ஆய்வுத் திட்டங்களில் இளநிலை ஆய்வாளராகச் சேர்வது இன்னொரு வழி. புள்ளியியலை நன்றாகக் கற்றுக்கொண்டு வாருங்கள். கால்நடை ஆய்வுக் குழுக்களில் மிகவும் பற்றாக்குறையாக இருப்பது அதுவே.

கேள்வி: முதுநிலை ஆய்வுக்காக விவசாயிகளிடம் உள்ள கன்னி இன வெள்ளாட்டுக் குட்டிகளில் குடற்புழு நீக்க மருந்தின் பலனை ஆராய்ந்து வருகிறேன். ஆறு மாத ஆய்வு. மூன்றாம் மாதத்திலேயே மூன்றில் ஒரு பங்கு ஆடுகளை விற்றுவிட்டார்கள். விற்றவற்றுக்குப் பதிலாக வேறு ஆடுகளைச் சேர்த்துக்கொள்ளலாமா? கல்லூரிப் பண்ணையிலேயே செய்திருக்கலாம் என்று நண்பர்கள் சொல்கிறார்கள். (முதுநிலை மாணவர், திருநெல்வேலி)

பதில்: சேர்க்கக் கூடாது. இடையில் வந்த ஆடு முதல் மூன்று மாதங்கள் வேறு மேய்ச்சலில், வேறு புழுச் சுமையோடு வளர்ந்தது. அதை உள்ளே கொண்டுவந்தால் உங்கள் எண்கள் எதைச் சொல்கின்றன என்று உங்களுக்கே தெரியாமல் போகும். எத்தனை ஆடுகளோடு தொடங்கினீர்கள், எத்தனை எப்போது, எந்தக் காரணத்தால் விலகின, எத்தனையோடு முடித்தீர்கள் என்று ஆய்வேட்டில் வெளிப்படையாக எழுதுங்கள்.

அதைவிட நுட்பமான ஓர் ஆபத்தை இங்கே கவனிக்க வேண்டும். விற்கப்படுபவை எவை? நன்றாக எடை ஏறிய கிடாக்குட்டிகளைத்தான் வியாபாரி முதலில் பிடித்துக்கொண்டு போகிறார். மருந்து உண்மையிலேயே வேலை செய்திருந்தால், மருந்து கொடுத்த பிரிவிலிருந்துதான் அதிக ஆடுகள் விற்றுப்போயிருக்கும். எஞ்சியிருக்கும் மெலிந்த குட்டிகளின் சராசரியை மட்டும் பார்த்தால் மருந்து பயனற்றது என்ற முடிவுக்கு நீங்கள் வந்து சேர்வீர்கள், அது முற்றிலும் தவறாக இருக்கும். ஆகவே விற்ற ஆடுகளின் கடைசி எடையையும் தேதியையும் தனியே அட்டவணைப்படுத்துங்கள். விற்பனையே உங்கள் ஆய்வின் ஒரு முடிவாகக்கூட அமையலாம்.

பண்ணையில் செய்திருக்கலாம் என்ற பேச்சை நான் ஏற்கமாட்டேன். பண்ணை ஆட்டுக்கு நேரத்துக்குத் தீவனமும், எண்ணிட்ட கொட்டகையும், அடிக்கடி புழு மருந்தும் கிடைக்கின்றன. தூத்துக்குடி, விருதுநகர்ப் பக்கத்துக் கரிசல் மேய்ச்சலில் கன்னி ஆடு எப்படி வாழ்கிறது என்பதை அதிலிருந்து அறிய முடியாது. ஆனால் ஊருக்குள் ஆய்வு செய்பவர் ஊரின் நாட்காட்டியை முதலில் படிக்க வேண்டும். உங்கள் பகுதியில் கோயில் கொடை எந்த மாதத்தில், பக்ரீத் எப்போது, தீபாவளிக்கு எத்தனை வாரம் இருக்கிறது, பள்ளிக் கட்டணம் கட்ட எப்போது பணம் தேவைப்படும் என்பவற்றைக் குறித்துக்கொண்டு, இடைவெளி உள்ள மாதங்களில் ஆய்வை அமைத்திருக்கலாம். கிடாக்குட்டிகளுக்குப் பதிலாகப் பெட்டைக் குட்டிகளைத் தேர்ந்திருந்தால், இனவிருத்திக்கென்று பெரும்பாலானவற்றை வைத்திருப்பார்கள்.

ஒப்புதல் படிவத்தில் யார் கையெழுத்திட்டார் என்பதையும் எண்ணிப்பாருங்கள். கையெழுத்து பெரும்பாலும் வீட்டு ஆணுடையதாக இருக்கும். ஆட்டுக்குத் தழை ஒடித்துப் போடுபவரும், குட்டி கழிவதை முதலில் காண்பவரும், நடுவில் கடையில் வேறு புழு மருந்து வாங்கி ஊற்றிவிடுபவரும் பெண்ணாக இருப்பார். அவரிடம் ஆய்வின் நோக்கத்தைச் சொல்லாமல் விட்டிருந்தால், அவர் நல்லெண்ணத்தோடு ஊற்றிய மருந்தே உங்கள் ஒப்பீட்டைக் கெடுத்துவிடும். இன்றே போய் உட்கார்ந்து பேசுங்கள்.

மீதி உள்ள ஆடுகளை வைத்து உறுதியான ஒரு முடிவை இப்போதும் பெறலாம். மருந்து கொடுப்பதற்கு முன்பும், கொடுத்த 10 முதல் 14 நாட்களுக்குப் பின்பும் அதே ஆட்டின் சாணத்தில் புழு முட்டைகளை எண்ணுங்கள். குறைவு 95 விழுக்காட்டுக்குக் கீழே இருந்தால், அந்த மருந்துக்குப் புழுக்கள் எதிர்ப்புத்திறன் பெற்றிருக்கலாம் என்று ஐயுற வேண்டும். நம் ஆடுகளை அதிகம் வருத்தும் இரத்தம் உறிஞ்சும் வயிற்றுப்புழுவில் இந்த எதிர்ப்புத்திறன் உலகெங்கும் பெரிய சிக்கலாக இருப்பதால், ஓர் ஊரின் சிறு கணக்குக்கும் மதிப்பு உண்டு. கீழிமையைப் பிதுக்கி அதன் நிறத்தையும் ஒவ்வொரு முறையும் குறியுங்கள். வெளிறிய இமையும் தாடைக்கடியில் நீர்வீக்கமும் உள்ள ஆட்டை ஆய்வுக்காக மருந்தின்றி வைத்திருக்கக் கூடாது. உடனே சிகிச்சை கொடுத்துவிட்டு, அதை ஆய்விலிருந்து விலக்கியதாக எழுதுங்கள். எடையை எப்போதும் காலையில் மேய்ச்சலுக்கு விடும் முன், அடுத்தடுத்து இரண்டு நாட்கள் எடுத்துச் சராசரி காணுங்கள். நிறைய மேய்ந்து தண்ணீர் குடித்துவிட்டு வந்த ஆட்டில், வயிற்றில் கிடப்பதும் எடையாகவே தெரியும்.

கேள்வி: கறவை மாடுகளுக்கு ஒரு மூலிகைப் பொடியைக் கொடுத்து ஆராய்ந்தேன். பால் கூடவில்லை. இரண்டு ஆண்டு உழைப்பு வீணாகிவிட்டதே என்று வருந்துகிறேன். சில மாடுகளின் கணக்கை நீக்கினால் வேறுபாடு தெரிகிறது. (ஆய்வு மாணவி)

பதில்: அந்த மாடுகளை நீக்காதீர்கள். மடிநோய் கண்டது, இடையில் கன்று இறந்தது என்பன போன்று ஆய்வைத் தொடங்கும் முன்பே வகுத்துக்கொண்ட காரணம் இருந்தால் மட்டும் நீக்கலாம். முடிவைப் பார்த்த பிறகு கண்டுபிடித்த காரணம், காரணமாகாது.

உங்கள் வருத்தம் எனக்குப் புரிகிறது. அதிகாலைக் கறவைக்கு இரண்டு ஆண்டுகள் எழுந்தவரிடம் இது எளிதாகச் சொல்லக்கூடியதன்று. ஆயினும் ஒன்றை நினைவில் வையுங்கள். பால் கூடும் என்று நம்பி, கறவை மாடு ஒன்றே ஒன்று வைத்திருக்கும் குடும்பங்களும் பொடி வாங்குகின்றன. அந்தப் பொடியால் பயன் இல்லை என்று சரியான ஒப்பீட்டோடு காட்டும் ஆய்வேடு, அந்தக் குடும்பத்தின் பணத்தைக் காப்பாற்றுகிறது. பயன் உண்டு என்று தவறாகக் காட்டும் ஆய்வேடு அந்தப் பணத்தைப் பறிக்கிறது.

எழுதும் முன் ஒன்றைச் சரிபாருங்கள். கன்று ஈன்ற ஆறு முதல் எட்டு வாரங்களில் பசுவின் பால் உச்சத்தைத் தொட்டு, பிறகு படிப்படியாக இறங்கும். உங்கள் இரு பிரிவுகளிலும் கறவை நாட்கள் சமமாக இருந்தனவா? ஒரு பிரிவில் இளங்கறவையும் மற்றதில் வற்றும் கறவையும் கூடுதலாக விழுந்திருந்தால், பொடியின் பயனும் பயனின்மையும் தெரியாமல் மறைந்திருக்கும். அப்படியானால் "பயனில்லை" என்று எழுதாமல், "இந்த அமைப்பில் அறிய முடியவில்லை" என்று எழுதுவதே நேர்மை. சமமாக இருந்திருந்தால், தலைநிமிர்ந்து "கூடவில்லை" என்று எழுதுங்கள்.

கேள்வி: நான் மன்னார்குடிப் பக்கம் மூன்று மாடு வைத்திருக்கும் விவசாயி. இரண்டு ஆண்டுகளுக்கு முன் ஒரு கல்லூரியிலிருந்து மாணவர்கள் வந்து மாடுகளிடம் இரத்தம் எடுத்தார்கள், பால் எடுத்தார்கள், ஒரு மணி நேரம் கேள்வி கேட்டு எழுதிக்கொண்டார்கள். அதன்பின் யாரும் வரவில்லை. என்ன கண்டார்கள் என்று இன்றுவரை தெரியாது. போன மாதம் ஒரு மாடு ஏழாம் மாதத்தில் கன்று வீசிவிட்டது. இந்த ஆராய்ச்சியால் எங்களுக்கு என்ன பயன்? (விவசாயி, திருவாரூர் மாவட்டம்)

பதில்: ஐயா, உங்கள் கேள்விக்கு முன் நான் தலைகுனிகிறேன், ஏனென்றால் நானும் அதைச் செய்தவன். முனைவர் பட்ட ஆய்வுக்காக ஒரு கிராமத்தின் மாடுகளிடம் இரத்தம் எடுத்தேன். மாதிரிகள் ஆய்வுக்கூடத்துக்குப் போயின, எண்கள் அட்டவணைக்குப் போயின, அட்டவணை நூலகத்துக்குப் போயிற்று. அந்தக் கிராமத்துக்கு மட்டும் நான் திரும்பிப் போகவில்லை. பல ஆண்டுகள் கழித்து வேறொரு வேலையாக அங்கே சென்றபோது ஒரு மூதாட்டி என்னை அடையாளம் கண்டு, "அந்தச் செவலைப் பசுவுக்கு என்னதான் இருந்தது, தம்பி?" என்று கேட்டார். அந்தப் பசு இறந்து வெகுகாலம் ஆகியிருந்தது. எனக்கு அதன் எண்கூட நினைவில் இல்லை. அதன்பின் என்னிடம் ஆய்வு செய்த ஒவ்வொரு மாணவரும் ஊருக்குத் திரும்பிப் போய் முடிவைச் சொன்ன பிறகே ஆய்வேட்டில் நான் கையெழுத்திட்டேன்.

விலங்குகள் மீது செய்யும் சோதனைகளுக்கு 1960-ஆம் ஆண்டின் விலங்குவதைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் நெறிமுறைக் குழு ஒப்புதல் வாங்கும் ஏற்பாடு இருக்கிறது. அது விலங்கைக் காக்கிறது. விலங்கின் உரிமையாளருக்கு முடிவைத் திருப்பித் தரும் கடமையை ஆய்வாளரின் மனசாட்சியிடமே விட்டுவைத்திருக்கிறோம் என்பது என் நீண்டகால மனக்குறை. கிராமப்புற வளாகத்தின் பெரும் பலமே, மாடும் மாட்டுக்காரரும் ஆய்வுக்கூடமும் ஒரே பேருந்துத் தடத்தில் இருப்பதுதான். அந்தத் தடத்தில் இரத்தக் குப்பி ஒரு திசையில் மட்டும் பயணம் செய்தால், கல்லூரியை நகரத்திலேயே கட்டியிருக்கலாம். பாலின் கொழுப்பு எவ்வளவு, இரத்தச் சோகை உண்டா, சாணத்தில் புழு முட்டை இருக்கிறதா என்ற மூன்று வரிகளைத் தமிழில் ஓர் அட்டையில் எழுதி, காது வில்லை எண்ணோடு உங்கள் கையில் கொடுக்க ஒரு மாணவருக்கு அரைநாள் போதும்.

அடுத்த முறை யாராவது வந்தால், இரத்தம் எடுக்கும் முன்பே எதற்காக எடுக்கிறார்கள், முடிவை எந்த மாதத்தில் சொல்வார்கள், நோய் தெரிந்தால் யார் மருந்து கொடுப்பார்கள் என்று கேளுங்கள். வழிகாட்டும் ஆசிரியரின் பெயரையும் தொலைபேசி எண்ணையும் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். பதில் சொல்லாதவர்களுக்கு மாட்டைப் பிடித்துக் கொடுக்க வேண்டிய கடமை உங்களுக்கு இல்லை.

இப்போது உடனே செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். ஏழாம் மாதத்தில் கன்று வீசுவதற்குப் பல காரணங்கள் இருக்கலாம் என்றாலும், நான் முதலில் ஐயுறுவது கன்று வீச்சு நோயைத்தான். அன்று எடுத்த இரத்தத்தில் இந்த நோயையும் சோதித்திருந்து, முடிவை உங்களிடம் சொல்லாமல் விட்டிருந்தால், அது வெறும் மரியாதைக் குறைவு அன்று. உங்கள் குடும்பத்தை ஆபத்தில் விட்ட செயல். அருகிலுள்ள கால்நடை மருந்தகத்துக்குச் சென்று மூன்று மாடுகளுக்கும் இரத்தப் பரிசோதனை செய்யச் சொல்லிக் கேளுங்கள். வீசிய மாட்டைச் சில வாரங்கள் தனியே கட்டுங்கள். அதன் கழிவு பட்ட வைக்கோலை எரித்துவிட்டு, அந்த இடத்தில் சுண்ணாம்பு தூவுங்கள். இனி எந்த மாடாவது வீசினால் கருவையும் நஞ்சுக்கொடியையும் வெறுங்கையால் தொடாமல், நாய் தோண்ட முடியாத ஆழத்தில் சுண்ணாம்பு போட்டுப் புதையுங்கள். பரிசோதனை முடிவு வரும்வரை பொலிகாளையிடம் விடவும் வேண்டாம், மாட்டை விற்கவும் வேண்டாம், ஏனென்றால் நோய் வாங்குபவர் வீட்டுக்கும் போய்ச் சேரும். பாலை நன்றாகப் பொங்கக் காய்ச்சாமல் குழந்தைகள் உட்பட யாரும் குடிக்கக் கூடாது. வீட்டில் யாருக்காவது விட்டுவிட்டு வரும் காய்ச்சலும் மூட்டுவலியும் இருந்தால், மாடு கன்று வீசிய செய்தியை மருத்துவரிடம் மறக்காமல் சொல்லுங்கள்.